கூரைமேல் ஒரு பலகை

பாரதியாரின் குயில் தோப்பினால் புகழ் பெற்றது கருவடிக்குப்பம். அவ்வூரையொட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில், செரினிட்டி கடற்கரையை நாடி வடக்கே விரையும் மோட்டார் வண்டிகளைக் காண்கிறோம். பனிநாட்டார் சறுக்குக் கட்டைகளை ஏற்றிச் செல்வது போல, இவற்றின் கூரைமீது அலைச்சறுக்குப் பலகைகள். இளைஞர் கடலை நாடுவது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒற்றைக் கயிற்றில் ஆடும் பலகையைக் கண்டால் நெஞ்சு பதைக்கிறது.

வேகம் இரு மடங்கானால், பலகையைத் தூக்கும் காற்றின் விசை நான்கு மடங்காகும். கயிறு அறுந்தால் அடிபடுபவர் பலகைக்கு உடையவர் அல்லர். பின்னே சைக்கிளில் வரும் ஏழை.

ஆகவே கூரையில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் வேண்டும். மெழுகு பூசிய முகம் கீழேயும், துடுப்புள்ள வால்புறம் முன்னேயும் இருக்கட்டும். மெழுகில் வெயில் படாது, பலகையும் பின்னே நழுவாது. இரு பட்டைகளால் இறுக்கி, சிறிது தூரம் சென்றதும் நிறுத்திச் சோதிப்பது நலம். வரம்பு மீறி நீட்டிய பாரத்துக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் விதிக்கும் அபராதம் 20,000 ரூபாய்.

மரங்களைக் கட்டியே கடலை வென்றவர் தமிழர். 'கட்டுமரம்' என்ற சொல்லையே ஆங்கிலம் நம்மிடம் கடன் வாங்கிற்று. கட்டத் தெரிந்த நாட்டில் கட்டு தளரலாமா?