துருப்பிடிக்கும் தர்மம்

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் எந்த வீதியில் நுழைந்தாலும், மாடிப்படியின் கீழோ கொல்லைத் தாழ்வாரத்திலோ காற்றிறங்கிய சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடப்பதைக் காணலாம். வீட்டுப் பிள்ளை மோட்டார் சைக்கிளுக்கு மாறிய நாள் முதல் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதே நகரில், முதல் பஸ் புறப்படுமுன் சாத்தார வீதிப் பூச்சந்தைக்கு வந்து சேரவேண்டிய கூலியாள் இருட்டில் கால்நடையாக வருகிறான். இந்தச் சைக்கிளையும் அந்தக் கூலியாளையும் ஒன்று சேர்ப்பதற்கு நம்மிடையே ஓர் ஏற்பாடு வேண்டாமா?

அமெரிக்கா, பிரிட்டன் முதலிய தேசங்களில் சில கிறிஸ்தவ ஆலயங்களின் தொண்டர்கள் இதையே ஒரு கைங்கரியமாகக் கொண்டிருக்கிறார்கள். பழைய சைக்கிள்களை யாசித்து வாங்கி, தாங்களே செப்பனிட்டு, வாகனமற்ற ஏழைகளுக்கு அளிக்கிறார்கள். பணத்தோடு உழைப்பையும் கொடுப்பதுதான் இத்தொண்டின் விசேஷம்.

சைக்கிளின் மகிமையை நமக்கு அந்நியர் போதிக்க வேண்டியதில்லை. 1974 வரை திருச்சி ஜில்லாவில் அடங்கியிருந்த புதுக்கோட்டையில், 1991-92-ஆம் வருஷங்களில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு சைக்கிளையும் ஸ்திரீகளுக்குக் கற்பித்தார்கள். அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்குப் பேராதரவு அளித்தார். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் பிறர் தயவை எதிர்பாராமல் நடமாடக் கற்றனர். 2001-02-இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் அதை விஸ்தரித்தது. 2006-இல் பீகார் இதே வழியில் இறங்கியது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை 32 சதவிகிதம் அதிகரித்ததாகப் பொருளாதார நிபுணர் முரளீதரனும் பிரகாஷும் ஆராய்ந்து வெளியிட்டனர்.

எனினும், சைக்கிள் தானம் கொடுத்த தினத்தோடு முடிவடைவதில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். டியூப் ஒட்டவும், ரிம் கோட்டம் எடுக்கவும், பால்ரஸ் மாற்றவும் கையில் காசில்லாதவனுக்கு, ஆறு மாதத்தில் அந்தத் தானம் துருப்பிடித்த இரும்பாகிவிடும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் 24,000-க்கும் அதிகமான சைக்கிள்கள் கிடைக்கச் செய்த ‘வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப்’ என்ற ஸ்தாபனம், பிற்பாடு ஆப்பிரிக்காவில் வேலை தொடங்கியபோது, ரிப்பேர்காரர்களைப் பழக்குவதையும் தன் கடமையாக ஏற்றது. நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே.

இதற்கு வேண்டிய கைத்திறன் நமது நகரில் ஏராளமாயிருக்கிறது. பொன்மலை ரயில்வே பட்டறையிலும் திருவெறும்பூர் கனரகத் தொழிற்சாலையிலும் ஆயுளெல்லாம் உழைத்து ஓய்வு பெற்ற பிட்டர்கள் நம் வீதிகளிலேயே வசிக்கிறார்கள். வாடகைச் சைக்கிள் கடைகள் மறைந்ததால் தொழிலிழந்த நிபுணர்களும் இருக்கிறார்கள். மாதாகோயிலோ, மடமோ, பள்ளிவாசலோ, கல்லூரியோ ஒரு கொட்டகையும் சில ஸ்பானர்களும் கொடுத்தால் போதும். வாரம் ஒரு நாள் வேலை நடக்கும். சைக்கிள் பெறுகிறவனும் அங்கே வந்து, தன் வண்டியைத் தானே கழற்றி மாட்டக் கற்கட்டும். அவனுடைய மதத்தையும் ஜாதியையும் யாரும் விசாரிக்க வேண்டாம். மாலையிட்டுப் படமெடுக்கவும் வேண்டாம்.

பழையதைக் கொடுப்பது ஏழையை அவமதிப்பதாகும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஓடாததைக் கொடுப்பதே அவமதிப்பு என்பது நமது பதில். பிரேக் பிடிக்காத சைக்கிளில் ஒருவனை ஏற்றி, காவிரிப் பாலத்தில் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே அனுப்புவது தர்மமாகாது, அது ஹிம்சையே. ஆகவே, தன் சொந்தப் பிள்ளையை நம்பி ஏற்றக்கூடிய வண்டியையே தொண்டன் பிறர் பிள்ளைக்கும் கொடுக்கவேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் மற்றவை தாமே சரிப்படும்.

சர்க்கார் உத்தரவுக்காகவோ, பிரமுகர்களின் மகாநாட்டுக்காகவோ காத்திருக்க வேண்டிய காரியமல்ல இது. நேயர்கள் இன்றே தத்தம் மாடிப்படியின் கீழே குனிந்து பார்க்கட்டும். அங்கே கிடப்பது நமக்குக் குப்பை. நடந்தே தேய்ந்த ஒருவனுக்கு அது ஜீவனோபாயம்.