ஃபைல் சரியாக இருந்தால் போதுமாம்!

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ‘வெளிநாட்டில் குடியேற இலவச ஆலோசனை’ என்று வாசலில் பேனர். உள்ளே டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் முடித்துவிட்டு ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் மூன்று ஷிப்டும் மாற்றி மாற்றிப் பார்க்கிற பிள்ளைகள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வந்தவர்களும் இருந்தார்கள். தங்கை மகனுக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாத ஒருவர் மைக்கைப் பிடித்தார். “கொரோனா டைம்ல நிறைய பேர் விசா எக்ஸ்பயர் ஆயிடுச்சுன்னு அழுதாங்க. ஏன்? கடைசி நிமிஷம் வரைக்கும் சும்மா இருந்தாங்க. ஃபைலைக் கரெக்டா வெச்சிருந்தவன் ஒருத்தன்கூட மாட்டல.” கைதட்டல். தங்கை மகனும் தட்டினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் சரக்கு விற்கிறார், அப்படித்தான் பேசுவார். ஆனால் இதே வசனத்தை விற்பதற்கு எதுவுமே இல்லாத நம் மாமாக்களும் சித்தப்பாக்களும் ஐந்து வருடமாக இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே! பேப்பர் சரியாக இருந்தால் எவனும் நம்மை ஒன்றும் செய்ய முடியாது, மாட்டியவன் ஏதோ கோட்டை விட்டிருப்பான். படித்தவர், படிக்காதவர், கட்சிக்காரர், கடவுள் இல்லை என்பவர் எல்லோரும் ஒற்றுமையாக நம்பும் ஒரே மதம் இது.

ஒருத்தன்கூட மாட்டவில்லையாம். எனக்குத் தெரிந்த டூல் ரூம் தம்பி ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ஒரகடத்தில் வெண்டார் கம்பெனி ஒன்றில் டை மேக்கர். படப்பையில் வாடகை வீடு. மனைவி நர்ஸ். கனடாவின் பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை வேண்டி ஆங்கிலத் தேர்வு எழுதி, பட்டயச் சான்றிதழைச் சரிபார்க்கக் கொடுத்து, பாஸ்போர்ட் அலுவலகத்தில் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி, 2019 செப்டம்பரில் மெடிக்கலும் முடித்துவிட்டார். அவருடைய ஃபைலை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஆலோசகரும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட வேண்டிய ஃபைல். தாளுக்குத் தாள் பிளாஸ்டிக் உறை, பக்கத்துக்குப் பக்கம் எண்.

2020 மார்ச் 18-ஆம் தேதி கனடா தன் எல்லையை வெளிநாட்டவருக்கு அடைத்தது. அந்தத் தேதிக்குள் நிரந்தர வசிப்புரிமைக்கு ஒப்புதல் பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு, அதற்குப் பிறகு பெற்றவர்களுக்குக் கிடையாது. தம்பிக்கு ஒப்புதல் வந்தது ஏப்ரலில். அவர் தாமதம் செய்யவில்லை. விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் தன் முறைக்காகப் படுத்திருந்தது, அவ்வளவுதான். மார்ச் மாதத்தில் அந்த அதிகாரிக்கு இரண்டு வாரம் ஜலதோஷம் பிடிக்காமல் இருந்திருந்தால் நம் தம்பி தகுதியுள்ளவர். பிடித்திருந்தால் தகுதியற்றவர். ஃபைல் அதே ஃபைல்தான்.

இதற்குள் இன்னொரு கணக்கு உண்டு, மேடையில் யாரும் சொல்லாத கணக்கு. குடியேறும் அனுமதித் தாளில் போடும் கடைசித் தேதி பெரும்பாலும் மெடிக்கல் எடுத்த நாளிலிருந்து ஓராண்டு. பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிந்தால் அந்தத் தேதி. அதாவது முந்திக்கொண்டு மெடிக்கல் எடுத்தவனுக்குத்தான் தாள் முந்திக்கொண்டு செத்துப்போகும்! சுறுசுறுப்புக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள். தம்பியின் தாளில் 2020 செப்டம்பர் என்று போட்டிருந்தது. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டித் தரும் மையம் பொதுமுடக்கத்தில் பூட்டிக் கிடந்தது. அது திறந்து, பாஸ்போர்ட் போய், விசாவோடு கைக்குத் திரும்பியபோது ஆகஸ்ட். கையில் செல்லும் விசா, தலைக்கு மேல் செல்லாத எல்லை. செப்டம்பர் வந்தது. தாள் காலாவதி.

அவர் ஏற்கெனவே வேலையை விட்டிருந்தார், வீட்டைக் காலி செய்திருந்தார். செய்யாறு பக்கம் மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். அங்கே மாமனாரின் தம்பி தினமும் காலையில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்பாராம்: “அப்பவே கிளம்பியிருக்கக் கூடாதா மாப்ளே?” எப்பவே என்று அவருக்கும் தெரியாது. இந்தியாவிலிருந்து வழக்கமான சர்வதேச விமானங்கள் 2020 மார்ச் 23-ஆம் தேதி நின்றன, முழுமையாகத் திரும்ப ஓடியது 2022 மார்ச் 27-இல்தான். நடுவில் வந்தே பாரத், ‘ஏர் பபுள்’ என்று பொறுக்கி எடுத்த விமானங்கள். மாமனாரின் தம்பிக்கு இதெல்லாம் சில்லறை விஷயம். மாப்பிள்ளை சோம்பேறி, வழக்கு முடிந்தது.

2021 ஜூன் 21 முதல் செல்லுபடியாகும் தாள் வைத்திருப்பவர் எல்லோரும் வரலாம் என்றது கனடா. நம் தம்பியின் தாள் செல்லாத தாள். அது ஏன் செல்லாமல் போனது? கனடா வரவிடாததால். சரி, புதுத் தாள் கேட்டு எழுதி, காத்திருந்து, மறுபடி மெடிக்கல் எடுத்து வாங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். போவது எதில்? இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களை அதே கனடா 2021 ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் கடைசி வரை நிறுத்தி வைத்திருந்தது. சுற்றி வரலாம், ஆனால் கோவிட் பரிசோதனையை மூன்றாவது நாடு ஒன்றில் எடுத்திருக்க வேண்டும். மெக்சிகோவிலும் மாலத்தீவிலும் செர்பியாவிலும் மூக்கில் குச்சி விட்டுக்கொள்ள லட்சக்கணக்கில் செலவழித்துப் போனவர்கள் உண்டு. டூல் ரூம் தம்பிக்கு அந்த லட்சம் இல்லை. கோட் போட்டவரே, இதில் எந்தத் தாள் அவரிடம் இல்லை என்று சொல்லுங்கள்.

இப்போது அதே வட்டாரத்தில் இன்னொருவரைப் பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்து முதல் கார் ஓடி கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அதன் பின்னாலேயே வந்த கொரிய உதிரிபாகக் கம்பெனிகளால் ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய ஓட்டல் இருக்கிறது, மளிகைக் கடை இருக்கிறது. அந்தக் கம்பெனிகளின் அதிகாரிகளுக்கும் விசா உண்டு, அதற்கும் தேதி உண்டு. பெருந்தொற்றில் அவர்களில் பலருக்கும் தேதி முடிந்தது. மாட்டினார்களா? நம் உள்துறை அமைச்சகம் நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு கொடுத்தது. 2021 ஜூன் 4-ஆம் தேதி வந்த அறிவிப்பு இன்னும் அழகு: 2020 மார்ச்சுக்கு முன் வந்து இங்கே சிக்கிய வெளிநாட்டவரின் விசா ஆகஸ்ட் 31 வரை செல்லும் என்றே கருதப்படும். கட்டணம் இல்லை, அபராதம் இல்லை, விண்ணப்பம்கூடப் போட வேண்டாம்.

நல்ல காரியம். ஊரை விட்டு வந்து சிக்கிய மனிதனிடம் அபராதம் வசூலிப்பது அசிங்கம். எனக்கு அந்தக் கொரியர்மேல் எந்த வருத்தமும் இல்லை. நான் கேட்பது, அவர் ஃபைலைச் சரியாக வைத்திருந்ததாலா தப்பினார்? விண்ணப்பமே போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார் ஐயா! தேதியை அச்சடித்த கை, நினைத்தால் அதை ஒரே கையெழுத்தில் தள்ளிவைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒரு பக்கம் விண்ணப்பம் போடாதவருக்கு நீட்டிப்பு, மறுபக்கம் நூறு பக்கம் கொடுத்த டூல் ரூம் தம்பிக்கு “புதிதாக மெடிக்கல் எடு.”

வளைகுடாவில் இன்னும் வெளிப்படை. சவூதி அரச உத்தரவு போட்டு, வெளியே சிக்கியவர்களின் இக்காமா எனும் வசிப்பு அனுமதியையும் ரீ-என்ட்ரி விசாவையும் காசில்லாமல் பலமுறை நீட்டியது. குவைத்தில் முதலாளி மனது வைத்தால் ஆன்லைனில் இக்காமாவைப் புதுப்பிக்க முடிந்தது. மனது வைக்காத முதலாளியிடம் பத்து வருடம் ஓட்டுநராக இருந்தவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் வேலையை இழந்தார். பாஸ்போர்ட்டை அட்டை போட்டுப் பாதுகாத்தவரா, மடித்துப் பாக்கெட்டில் வைத்தவரா என்று அந்த முதலாளி விசாரித்தா முடிவு செய்தார்?

அப்புறம் ஊசி. கோவாக்சினை உலக சுகாதார நிறுவனம் அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது 2021 நவம்பர் 3-இல். அதுவரை அரசு முகாமில் எந்தப் புட்டியைத் திறந்தார்களோ அதைப் போட்டுக்கொண்டவன், அது கோவாக்சினாக இருந்துவிட்டால், பல விமான நிலையங்களில் ஊசியே போடாதவன். அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் கோவிஷீல்டு சரி என்றது, ஆனால் இந்தியா கொடுத்த சான்றிதழில் தகராறு என்றது. மருந்து அவர்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது! நம் சான்றிதழில் வயதுதான் இருந்தது, பிறகு முழுப் பிறந்த தேதியையும் சேர்த்தார்கள். இதில் எவனுடைய அஜாக்கிரதையைக் கண்டுபிடிப்பீர்கள்? பிறந்தவனுடையதா?

காலாவதியே ஆகாத தாள் வாங்கினால் பிழைக்கலாமே என்று தோன்றும். இந்திய வம்சாவளியினருக்கு நாம் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை அப்படித்தான், ஆயுள்கால விசா என்று அதன் பெருமை. 2020 மார்ச் 13 முதல் அந்த ஆயுளையும் நிறுத்திவைத்தோம். அம்மாவின் கடைசி முகம் பார்க்க வர முடியாமல் போனவர்களிடம் கேளுங்கள், ஆயுள் எத்தனை நாள் என்று. அதற்கும் மேலே குடியுரிமை. 2021 மே மாதத் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா, இந்தியாவில் இருந்த தன் சொந்தக் குடிமக்களே வீடு திரும்பினால் ஐந்தாண்டு வரை சிறை என்று சட்டத்தைக் காட்டியது. இரண்டு வாரம்தான் நீடித்தது, போதாதா? நீலப் பாஸ்போர்ட்டையும் தாண்டிய தாள் எந்த ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறது?

நம்மவர்கள் இந்த நம்பிக்கையை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மாட்டியவன்மேல் தப்பு இருந்தால்தான் நாம் மாட்டமாட்டோம். டூல் ரூம் தம்பியிடம் தப்பே இல்லை என்று ஒப்புக்கொண்டால், நாளைக்கு நம் பிள்ளைக்கும் அது நடக்கலாம். அது தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் தம்பியைச் சோம்பேறி ஆக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். ஆலோசகர்களோ அந்தத் தூக்கத்துக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். மேடையில் எல்லாம் ஃபைலில் இருக்கிறது என்பார்கள். பணம் கட்டிய ரசீதின் அடியில் பொடி எழுத்தில், விசா தருவதும் மறுப்பதும் தூதரகத்தின் விருப்பம், கட்டணம் திரும்ப வராது என்று இருக்கும். உண்மையைப் பொடி எழுத்தில்தான் அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதோ என்னவோ.

வெளிநாடு எதற்கு? 2020 கோடையில் திண்டிவனத்துக்குப் போகவே இ-பாஸ் வேண்டும். தாய் சாகக் கிடக்கிறார் என்று டாக்டர் சீட்டோடு விண்ணப்பித்தவர்களுக்கு நிராகரிப்பு, புரோக்கருக்குப் பணம் கொடுத்தவர்களுக்குப் பாஸ். அப்படிப் பாஸ் விற்ற சிலரைக் கைதும் செய்தார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஒரகடத்துத் தகர ஷெட்டுகளில் படுத்திருந்தவர்களிடம் ரேஷன் கார்டு இருந்தது. அசல் கார்டு, அவரவர் அரசு கொடுத்தது. பொதுமுடக்கம் அறிவித்தபோது அதை வைத்து இங்கே ஒரு கிலோ அரிசி வாங்க முடியவில்லை. எந்த ஊர்க் கார்டுக்கும் எந்த ஊரிலும் ரேஷன் என்ற திட்டம் தமிழ்நாட்டில் முழுமையாக வந்தது அந்த ஆண்டு அக்டோபரில், அதற்குள் அவர்களில் பலர் சிறப்பு ரயிலிலும் லாரியிலும் நடந்தும் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பேப்பர் சரியாக இருந்தது, வயிறுதான் சரியில்லை.

ஆரம்பித்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024-இல் சங்கம் வைத்தார்கள். 1926-ஆம் வருடத்துத் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவுக்கு விண்ணப்பித்தார்கள். உறுப்பினர் பட்டியல், விதிமுறை, நிர்வாகிகள் பெயர், எல்லாம் கொடுத்தார்கள். பதிவு வரவில்லை. செப்டம்பர் 9-இல் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், போலீஸ் பந்தலைப் பிரித்தது, ராத்திரியில் வீடு புகுந்து கைது செய்தது. அப்போதும் டிவி விவாதத்தில் ஒருவர், “பேப்பர் கரெக்டா இருந்தா பதிவு தன்னால கிடைக்குமே” என்றார். கிடைத்தது, சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2025 ஜனவரி கடைசியில். நிறுவனம் சொன்ன பெரிய ஆட்சேபம், சங்கத்தின் பெயரில் தன் பெயர் இருக்கக் கூடாது என்பது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஹூண்டாய் தொழிலாளர்களின் சங்கங்கள் ஹூண்டாய் என்ற பெயரோடுதான் வருடக்கணக்காக நடக்கின்றன. அவர்களிடம் இருந்த எந்தத் தாள் இவர்களிடம் இல்லை என்று அந்த விவாதக்காரரை யாராவது கேட்டிருக்கலாம்.