ஒலிக்காத மணி

மழை அடித்துப் பெய்தால் ஒருகொடவத்தையில் முதலில் எழும் கேள்வி, "நாகலகம் வீதியில் எத்தனை அடி?" என்பதுதான். களனி கங்கையின் நீர்மட்டத்தை அங்குள்ள அளவுகோலைக் கொண்டே கொழும்பு மதிப்பிட்டு வந்திருக்கிறது. 1989, 2016, 2025 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களைக் கண்டவன் நான். ஆனால், கங்கையின் மட்டம் வேறு, ஒழுங்கைக் கானில் ஏறும் நீர் வேறு.

அந்தக் கானுக்கென்றே இளைஞர் சிலர் ஓர் எச்சரிக்கைக் கருவி செய்திருந்தனர். மிதவை ஆளி ஒன்று, ஆர்டுயினோ பலகை ஒன்று, மணி ஒன்று. யாவும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கியவை. நீர் ஏறினால் மிதவை எழும், மின்சுற்று மூடும், மணி ஒலிக்கும். ஓரிரவு நீர் வாசற்படிக்கே வந்துவிட்டது. மணி ஒலிக்கவில்லை.

"உணரியில் பிழையில்லை ஐயா, வயர்தான்" என்று ஒரு தம்பி பெட்டியைத் திறந்து காட்டினார். மேசையில் வைத்துப் பரிசோதிக்கும்போது செருகும் அதே மெல்லிய வயர்கள். பூட்டில்லை, உறையில்லை. ஊசிகளில் பச்சைக் களிம்பு. சில்லறைக் காசு மிச்சம் பிடித்த இடம் அதுதான்.

ஆயினும், குற்றம் இணைப்பியில் மட்டும் இல்லை என்பதே என் கருத்து. வறண்ட கானும் கழன்ற வயரும் அந்தப் பலகைக்கு ஒன்றாகவே தெரிந்தன. இரண்டும் திறந்த சுற்று. நிருபரின் தொலைபேசி அறுந்துகிடக்க, "இன்று அங்கே ஒன்றுமில்லை" என்று எண்ணிக்கொள்ளும் ஆசிரியபீடத்தின் நிலை. (இருந்திருக்கிறோம்.)

தொழிற்சாலைக் கருவிகளில் 4 முதல் 20 மில்லி அம்பியர் என்றொரு நியமம் உண்டு. ஆகக் குறைந்த அளவுக்கும் 4 மில்லி அம்பியர் ஓடும். 0 என்றால் வயர் அறுந்தது என்று பொருள். அவ்வளவு செலவும் வேண்டாம். மிதவையைத் திருப்பிப் பொருத்தினால் போதும்: வறண்டிருக்கையில் சுற்று மூடியிருக்கும், நீர் ஏறினாலும் வயர் கழன்றாலும் திறந்துகொண்டு மணி அடிக்கும்.

அதற்காக இணைப்பியை மறந்துவிடலாகாது. கழிவுநீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஊசிகளுக்கிடையே நீர் தேங்கினால் திறக்க வேண்டிய சுற்று மூடியே கிடக்கக்கூடும். கானுக்குள் இணைப்பியே வேண்டாம். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடிவிட வேண்டும். இணைப்பி சுவரில் உயரமாக உள்ள பெட்டிக்குள் இருக்கட்டும். ஒரு பக்கமாக மட்டும் செருகக்கூடியதாக, பூட்டுள்ளதாக. வயர் பெட்டியின் அடிப்புறமாக, சற்றுத் தொங்கி வளைந்து நுழைந்தால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இளைஞர்கள் அப்படியே மாற்றிவிட்டார்கள். சென்ற வாரம் எலி வயரைக் கடித்து, நள்ளிரவில் மணி அடித்ததாம். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. ஒழுங்கையே எழுந்து வந்து திட்டியது என்று தம்பி சிரித்தார்.