பந்தயத் திடலுக்குப் போகிற காருக்கு எந்த டயர்?

வேலூரிலிருந்து தெற்கே கணியம்பாடி வழியாகப் போனால், ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. காடு, ஓடை, மழைக்காலத்தில் அருவி, ஒரு சிறிய விலங்குப் பூங்கா. விடுமுறை நாள் வந்துவிட்டால் வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். கையில் சாப்பாட்டு மூட்டை, இடுப்பில் குழந்தை.

அந்தப் பாதையில் கார் ஓட்டும் சில வாலிபர்களுக்கு ஓர் ஆசை உண்டு. வளைவில் எவ்வளவு வேகம் போகலாம் என்று பார்த்துவிட வேண்டும்! டயர் "கிரீச்" என்று கத்தினால் அவர்களுக்குப் பெருமை. வளைவுக்கு அந்தப் பக்கம் யார் நடந்து வருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. மான் குறுக்கே ஓடினாலும் தெரியாது. காட்டுப் பாதை அந்த ஆசைக்கு ஏற்ற இடம் அல்ல.

அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே, இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1990-ல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயத் திடல் உள்ளது. ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்பு, பட்டாள விமானங்கள் இறங்கிய சோழவரம் ஓடுபாதையில்தான் சென்னைக்காரர்கள் பந்தயம் ஓட்டிவந்தார்கள். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்திலும் ஒரு திடல் உண்டு.

பந்தயம் இல்லாத சில நாட்களில், கட்டணம் கட்டினால், சொந்தக் காரையே இத்தகைய திடல்களில் ஓட்டிப் பார்க்க விடுகிறார்கள். தலைக்கவசம் கட்டாயம். பரிசு கிடையாது. எதிரே வண்டி வராது. ஆடு மாடு வராது. வேக ஆசை உள்ள பிள்ளையை வீட்டார் திட்டிக்கொண்டே இருப்பதைவிட, "அங்கே போய் ஓட்டு" என்று அனுப்புவது நல்லது.

ஆனால் அனுப்பும் முன்பு ஒரு கேள்வி வரும். எந்த டயர்?

கடையில் கேட்டால் விலை உயர்ந்த டயரைக் காட்டுவார்கள். நண்பனைக் கேட்டால், "பந்தயக்காரர்கள் போடுகிறார்களே, அதைப் போடு" என்பான். இரண்டு பேருமே ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வேலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஆம்பூர்க்காரருக்கு இன்னும் 50 கூடும். திடலில் ஓட்டுவது மொத்தமே சில சுற்றுகள். போவதும் வருவதும்தான் பெரிய ஓட்டம். லாரிகளுக்கு நடுவே, இருட்டில், சில சமயம் மழையில், களைத்த கையோடு திரும்ப வேண்டும். ஆகவே டயரைத் தேர்ந்தெடுக்கிறவன், திடலை நினைத்து அல்ல, வீடு திரும்பும் வழியை நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கட்டைவிரல் சொல்லும் உண்மை

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து மக்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். செருப்புக்கு மேலே போடுகிற தோல் வேறு, அடியில் தைக்கிற தோல் வேறு என்று அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். ஆட்டுத் தோலின் மென்மையை மெச்சிக்கொண்டு அதை அடித்தோலாக யாராவது தைப்பார்களா?

ரப்பரும் அப்படித்தான். பந்தய டயரின் ரப்பர் மிருதுவானது. நகத்தை அழுத்தினால் தடம் விழும். அது தரையைப் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சீக்கிரம் தேயும். இன்னொரு குணமும் அதற்கு உண்டு: சூடேறினால்தான் பிடிக்கும். பெரிய பந்தயங்களில் டயருக்கு மின்சாரப் போர்வை போர்த்திச் சூடாக்கி வைப்பது இதனால்தான். காலையில் வீட்டு வாசலிலிருந்து குளிர்ந்த பந்தய டயரோடு புறப்படுகிறவனுக்கு, முதல் திருப்பத்தில் சாதாரண டயர் அளவு பிடிப்புக்கூட இராது.

உலர்ந்த தரைக்கென்று செய்த பந்தய டயரில் பட்டனும் இல்லை, வரியும் இல்லை, வழவழவென்று இருக்கும். முழு அகலமும் தரையில் படுவதால் பிடிப்பு அதிகம். ஆனால் மழை பெய்தால் தண்ணீர் ஓட வழி எங்கே? டயருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே தண்ணீர் புகுந்து காரைத் தூக்கிவிடும். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் ஒன்றுதான், திருப்பாவிட்டாலும் ஒன்றுதான். சாலையில் ஓடும் கார் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது வரி இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. மொட்டை டயர் திடலுக்குச் சரி, சாலைக்குக் குற்றம்.

நாலு சக்கரத்திலும் தரையைத் தொடுவது ஒவ்வொரு உள்ளங்கை அளவு இடம்தான். அப்பா, அம்மா, தங்கை எல்லோருடைய உயிரும் அந்த நாலு உள்ளங்கையின்மேல் இருக்கிறது.

நரேன் கார்த்திகேயன் பெற்ற 5 புள்ளி

டயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த ஒரு கதை உண்டு. அதில் தமிழர் ஒருவருக்கும் பங்கு உண்டு.

2005-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் பார்முலா ஒன் பந்தயம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஓட்டினார். அந்த ஆண்டு 7 அணிகள் மிஷலின் டயர் போட்டிருந்தன. ஜோர்டான், பெராரி, மினார்டி ஆகிய 3 அணிகள் பிரிட்ஜ்ஸ்டோன்.

வெள்ளிக்கிழமை பயிற்சியிலேயே ரால்ப் ஷூமாக்கரின் கார் 13-வது வளைவில் டயர் பழுதாகிச் சுவரில் மோதியது. அந்த வளைவு ஒரு பக்கமாகச் சாய்வாக உயர்த்திக் கட்டப்பட்டது. அதில் முழு வேகத்தில் போகும்போது டயரின் பக்கவாட்டில் விழும் பாரம் மிக அதிகம். வேகத்தைக் குறைக்காவிட்டால் 10 சுற்றுக்கு மேல் தங்கள் டயருக்கு உறுதி சொல்ல முடியாது என்று மிஷலின் கம்பெனியே அறிவித்துவிட்டது. பந்தயமோ 73 சுற்று. நடுவில் டயர் மாற்றவும் அந்த ஆண்டு விதியில் இடம் இல்லை.

என்ன நடந்தது? 20 கார்கள் புறப்பட்டன. முன்னோட்டச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன! மீதி 6 கார்கள் மட்டும் ஓடின. மைக்கேல் ஷூமாக்கர் முதலாவது. நரேன் கார்த்திகேயன் நாலாவது. 5 புள்ளி கிடைத்தது. பார்முலா ஒன் பந்தயத்தில் இந்தியர் ஒருவர் புள்ளி பெற்றது அதுவே முதல் தடவை.

அன்று பார்க்க வந்த ஜனங்கள் கூச்சலிட்டார்கள். பணம் போயிற்று என்று கோபித்தார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் டயர் தாங்காது என்று தெரிந்ததும் ஓட்டமாட்டோம் என்று திரும்பினார்களே, அது கோழைத்தனம் அல்ல. உலகத்திலேயே வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களே டயரை மீறித் துணியவில்லை. அந்த டயர் மோசமான டயரும் அல்ல. அந்த ஒரு வளைவுக்கு ஏற்றதாக இல்லை, அவ்வளவுதான்.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது

டயர் வாங்கப் போகிறவர் அதன் பக்கவாட்டில் உள்ள எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 185/65 ஆர் 15 என்று இருந்தால், 185 மில்லிமீட்டர் அகலம். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 15 அங்குலச் சக்கரம். அடுத்து 88 எச் என்று இருக்கலாம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ பாரம் தாங்கும் என்பதற்குக் குறி. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை, டி என்றால் 190 வரை. கார் செய்தவர்கள் சொன்ன அளவுக்குக் கீழே எதையும் வாங்கக் கூடாது.

நாலு இலக்கம் கொண்ட ஓர் எண்ணும் இருக்கும். 3519 என்றால் 2019-ம் ஆண்டு 35-வது வாரம் செய்தது. ரப்பருக்கு வயது உண்டு. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான்.

பல டயர்களில் தேய்மான எண் ஒன்றும் போட்டிருப்பார்கள். 400 என்றால் நெடுநாள் உழைக்கும். 200 என்றால் ரப்பர் மிருது, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. இந்த எண்ணைக் கம்பெனிகள் தாங்களே போட்டுக்கொள்வதால், ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றோடு ஒட்டிப் பார்ப்பதில் பயன் இல்லை.

சரி, எதை வாங்குவது? முதல் தடவை திடலுக்குப் போகிற வாலிபன் எதையும் வாங்க வேண்டாம்! காரோடு வந்த டயர் நல்ல நிலையில் இருந்தால் அதுவே போதும். சாதாரண டயர் பிடிப்பை இழக்கும் முன்பு கத்தி எச்சரிக்கும். அந்தச் சத்தம்தான் அவனுக்கு வாத்தியார். ஒட்டிப்பிடிக்கும் டயர் பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென்று கைவிடும். கை பழகாதவனுக்கு அது ஆபத்து. ஐந்தாறு தடவை ஓட்டிப் பழகிய பிறகு, சாலைக்கும் ஏற்ற, வரிகள் நிறைந்த, 200 அல்லது 300 எண்ணுள்ள டயரை வாங்கலாம். மொட்டை டயர்தான் வேண்டும் என்றால், அதற்கென்று தனிச் சக்கரங்கள் வைத்துக்கொண்டு, திடலில் மாட்டிக் கழற்ற வேண்டும். பணம் உள்ளவர்கள் செய்யட்டும்.

நடுவில் ஒரு சபலம் உண்டு. பாதி தேய்ந்த டயர், உலர்ந்த திடலில் புது டயரைவிட நன்றாகவே ஓடும். புது டயரின் உயரமான பட்டன்கள் சூட்டில் நெளிந்து பிய்ந்து போகும்; தேய்ந்ததற்கு அந்தத் தொல்லை இல்லை. இது உண்மை. ஆகவே, "தேய்ந்ததையே வைத்திருக்கிறேன்" என்று புத்திசாலித்தனம் பேசுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ராணிப்பேட்டை தாண்டும்போது அடைமழை பிடித்தால் அந்தப் புத்திசாலித்தனம் எங்கே போகும்? புது டயரில் நாலு பட்டன் பிய்ந்தால் பிய்ந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு டயர் மட்டும் மாற்ற வசதி இருந்தால், நல்ல ஜோடியைப் பின்னால் போட வேண்டும். பலர் முன்னால் போடுகிறார்கள். அது தவறு. முன் சக்கரம் வழுக்கினால் கார் நேரே போகும். பிரேக் பிடித்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும்.

காற்று

டயரைவிடக் காற்றில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். சரியான அளவு, ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். அது குளிர்ந்த டயருக்குச் சொன்னது. திடலில் ஓட ஓட டயர் சூடேறும்; 32 பவுண்டு இருந்த காற்று ஐந்தாறு பவுண்டு ஏறிவிடும். டயர் உப்பினால் நடுப்பகுதி மட்டும் தரையில் படும். அதனால் திடலில் கொஞ்சம் காற்றை இறக்குவது வழக்கம். தவறு இல்லை.

மறந்துவிடுவதுதான் தவறு. மாலையில் டயர் ஆறும். காற்று முன்பைவிடக் குறைவாக இருக்கும். அப்படியே நெடுஞ்சாலையில் ஏறினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், வேகத்தில் வெடிக்கும். பந்தயத் திடலில் ஒரு கீறலும் படாமல் வெளியே வந்தவன், வாலாஜா சுங்கச்சாவடிக்கு முன்னால் கவிழ வேண்டுமா?

புறப்படும் முன்பு அரை மணி நேரம் காரை நிழலில் நிறுத்த வேண்டும். பிறகு நாலு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் காற்று அளந்து அடிக்க வேண்டும். உள்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். குனிந்தால்தான் கை எட்டும். அங்கே வெட்டோ புடைப்போ இருந்தால் அந்த டயரில் வீடு திரும்பக் கூடாது; ஸ்டெப்னியை மாட்ட வேண்டும். சில கார்களில் ஸ்டெப்னி மற்றச் சக்கரங்களைவிடச் சிறியது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.