பூஜ்ஜிய வயதினர்: மருத்துவமனைத் தரவில் தொலைந்துபோகும் குழந்தைகள்

மருத்துவமனை நோயாளர் தரவுகளைத் திறந்து பார்க்கும் எந்த ஆய்வாளரும் ஒரு விசித்திரமான மக்கள்கூட்டத்தைச் சந்திப்பார். பிறந்து இரண்டு மணி நேரமே ஆன குழந்தையின் வயது 0. பதினொரு மாதம் முடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குழந்தையின் வயதும் 0. வயதுக் கட்டத்தில் ஆண்டைத் தவிர வேறெதையும் ஏற்காத மென்பொருளுக்கு இவ்விருவரும் ஒருவரே. அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் இடையில் வேறுபாடு காணும் அந்த மென்பொருள், மனித வாழ்வில் மிக வேகமாக மாற்றங்கள் நிகழும் ஓராண்டை ஒற்றை எண்ணுக்குள் அடைத்துவிடுகிறது.

இதைச் சில்லறைக் குறையாகக் கருதுவோர் உண்டு. எழுத்தர் கவனக்குறைவு என்பார்கள். தாய்மார்களுக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை என்பார்கள். இரண்டையும் நான் மறுக்கிறேன். இது வடிவமைப்பின் குற்றம். அதைச் சகித்துக்கொள்ளும் நிர்வாகத்தின் குற்றம்.

முதலில் ஒரு முரண். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன் கீழ் நாம் நிரப்பிவந்த இறப்பு அறிக்கைப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். இறந்தவர் ஓராண்டைக் கடந்தவராயின் வயதை நிறைவுற்ற ஆண்டுகளில் எழுதச் சொல்கிறது. ஓராண்டுக்குக் கீழெனில் மாதங்களில். ஒரு மாதத்துக்குக் கீழெனில் நிறைவுற்ற நாட்களில். ஒரு நாளுக்குக் கீழெனில் மணிகளில். தெளிவான, பிழைக்கு இடங்கொடாத விதி. இந்நாட்டுக்கு குழந்தையின் வயதைக் கேட்கத் தெரியாமலில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அத்துல்லியம் குழந்தை இறந்த பிறகே கிடைக்கிறது. அதே குழந்தை உயிரோடு புறநோயாளர் கவுண்டருக்கு வரும்போது அதற்கு வாய்ப்பது ஆண்டுக்கான ஒரு கட்டம் மட்டுமே.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு மருத்துவத்திலிருந்தே மூன்று எடுத்துக்காட்டுகள்.

ஒன்று, மூச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படியும் நம் நாட்டு ஐ.எம்.என்.சி.ஐ. கையேட்டின்படியும், இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சுவிட்டால் அது வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை அவ்வெல்லை 50. அதன்பின் ஐந்து வயது வரை 40. நிமிடத்துக்கு 55 முறை மூச்சுவிடும் ஒரு குழந்தை ஏழு வாரத்தினதெனில் அவ்வெண்ணிக்கை எல்லைக்குள் இருக்கிறது. பத்து வாரத்தினதெனில் நிமோனியாவின் அறிகுறி. சீட்டில் ‘2 மாதம்’ என்று மட்டும் இருந்தால் எந்த எல்லையைப் பொருத்துவது? ‘0’ என்று இருந்தால்?

இரண்டு, மஞ்சள் காமாலை. பிறந்த குழந்தையின் பிலிரூபின் அளவைத் தனியாக வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. பிறந்து எத்தனை மணி நேரத்தில் எடுத்த அளவு என்பதே அதற்குப் பொருள் தருகிறது. 1999இல் புட்டானியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட, உலகெங்கும் பயன்படும் வரைபடத்தின் கிடைமட்ட அச்சே மணிக்கணக்குத்தான். முதல் 24 மணி நேரத்துக்குள் தோன்றும் காமாலையை இயல்பென்று விட்டுவிடக் கூடாது என்பது குழந்தை மருத்துவத்தின் பாலபாடம். பிறந்த தேதி இருந்தும் நேரம் இல்லாத பதிவேட்டில், இரவு பதினொன்றரைக்குப் பிறந்த குழந்தை அரை மணி நேரத்தில் ‘ஒரு நாள்’ வயதை எட்டிவிடுகிறது.

மூன்று, மருந்து. கால்சியம் கலந்த திரவம் நரம்பு வழி ஏறும் பச்சிளங்குழந்தைக்கு செஃப்ட்ரையாக்சோன் தரலாகாது என்னும் தடை 28 நாள் வரைக்குமானது. எச்சரிக்க வேண்டிய கணினி நாட்களை அறியாதெனில் எதை வைத்து எச்சரிக்கும்?

குறைப்பிரசவக் குழந்தையின் நிலை இன்னும் மோசம். முப்பது வாரத்தில் பிறந்து, பத்து வாரம் கழித்து வரும் குழந்தைக்கு இரண்டு வயதுகள் உண்டு. பிறந்த நாளிலிருந்து எண்ணினால் பத்து வாரம். பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால் பூஜ்ஜியம். தடுப்பூசிக்கு முதல் கணக்கு. வளர்ச்சியை மதிப்பிட இரண்டாம் கணக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2004இலேயே இச்சொற்களை வரையறுத்து, இன்ன வயதை இன்ன பெயரால் குறிக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. நம் பதிவேடுகளில் இருப்பதோ ஒரே ஒரு ‘வயது’. அதை நிரப்பியவர் எந்தக் கணக்கை மனத்தில் கொண்டார் என்பது அவரோடு போயிற்று.

கட்டம் போதாதபோது மனிதர்கள் குறியீடுகளைக் கண்டுபிடிக்கிறார்கள். மருத்துவர்கள் பழைய பிரித்தானிய மரபில் மூன்று மாதத்தை ‘3/12’ என்றும், பத்து நாளை ‘10/7’ என்றும் எழுதுகிறார்கள். காகிதத்தில் இது அழகான குறியீடு. எக்செலில் தட்டச்சு செய்தால் ‘3/12’ டிசம்பர் மூன்றாகவோ மார்ச் பன்னிரண்டாகவோ மாறிவிடுகிறது. எக்செலின் இதே பழக்கத்தால் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே 2020இல் மாற்ற நேர்ந்தது. மரபணுவுக்குக் கிடைத்த அக்கறை குழந்தைக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஓராண்டு பத்து மாதத்தை ‘1.10’ என்று எழுதினால் கணினி அதை 1.1 ஆக்கிவிடுகிறது, பின்னர் வாசிப்பவருக்கு அது ஓராண்டு ஒரு மாதம். ‘3எம்’ என்பது மூன்று மாதமா, மூன்று வயது ஆண் குழந்தையா? ஆங்கில எழுத்தான ‘எம்’ மாதத்துக்கும் ஆணுக்கும் ஒன்றே. மொழியியலில் இதைப் பொருள்மயக்கம் என்போம். பேச்சில் பொருள்மயக்கத்தைச் சூழல் தீர்த்துவைக்கும். தரவுத்தளத்தில் சூழல் கிடையாது.

தாய்மார்களைக் குறைசொல்வோருக்கு வருகிறேன். வயதைக் கேட்டால் தமிழ்நாட்டுத் தாய் என்ன சொல்கிறாள்? ‘மூணு முடிஞ்சு நாலு நடக்குது.’ வடநாட்டுத் தாய் சொல்வதும் அதுவே: ‘தீன் பூரா ஹோ கயா, சௌதா சல் ரஹா ஹை.’ முடிந்த மாதம், நடக்கும் மாதம் என்னும் இரண்டையும் பிரித்துச் சொல்கிறாள். புள்ளியியலாளர்கள் ‘நிறைவுற்ற வயது’ என்று தனியே வரையறுக்கும் கருத்து இரு மொழிகளின் அன்றாடப் பேச்சிலும் இருக்கிறது. இந்தியில் ஒன்றேகாலுக்கு ‘ஸவா’, ஒன்றரைக்கு ‘டேட்’, இரண்டரைக்கு ‘டாயீ’ என்று தனிச்சொற்களே உண்டு. அவ்வளவு நுட்பமாகச் சொல்லப்பட்டதைக் கேட்டு, முழு எண் மட்டும் ஏற்கும் கட்டத்தில் 3 என்றோ 4 என்றோ ஒன்றைத் தட்டுகிறார் பதிவாளர். தாய் தந்த தகவலில் பாதியைப் படிவம் விழுங்கிவிடுகிறது. பிறகு, தரவு சரியில்லை, மக்கள் கல்வியறிவற்றவர்கள் என்று எழுதுகிறோம்.

நாளை எண்ணுவதிலும் இதே சிக்கல். சடங்கு மரபில் பிறந்த நாளே பொதுவாக முதலாம் நாள். ஆஷா பணியாளர்கள் பச்சிளங்குழந்தையை வீட்டில் சென்று பார்க்கும் அட்டவணையும் 1, 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்கள் என்றே எண்ணுகிறது. பன்னாட்டு நோய் வகைப்பாடோ பிறந்த நாளைப் பூஜ்ஜிய நாள் என்கிறது. இரண்டு முறைகளிலும் தவறில்லை. எம்முறையில் எண்ணினோம் என்று எழுதாமல் விடுவதே தவறு.

இதன் விளைவு ஒரு நோயாளியோடு நிற்பதில்லை. மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 28 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறக்கின்றன. அவற்றில் 20 முதல் 28 நாட்களுக்குள். அதாவது சிசு மரணங்களில் பத்தில் ஏழு, ‘0’ என்ற எண் மறைத்துவிடும் அந்த நான்கு வாரங்களில் நிகழ்கின்றன. 2030க்குள் பச்சிளங்குழந்தை இறப்பை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருவதாக 2014இல் செயல்திட்டம் வகுத்த நாடு, அக்குழந்தைகள் எந்த நாளில், எந்த மணியில் மருத்துவமனைக்கு வந்தன என்பதைத் தன் மருத்துவமனைத் தரவிலிருந்து படிக்க முடியாமல் இருப்பது ஏற்கத்தக்கதா?

மறுப்புகள் வரும். முதலாவது: ‘பிறந்த தேதி இருக்கிறதே, வயதைக் கணக்கிட்டுக்கொள்ளலாமே.’ தேதி உண்மையானதெனில் கணக்கிடலாம். தேதி தெரியாதபோதெல்லாம் ஜனவரி 1 என்று இட்டு நிரப்பும் வழக்கம் உள்ள இடத்தில் அக்கணக்கு கற்பனை. தேதி சரியாக இருந்தாலும் நேரம் வேண்டும். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் பின்பற்றும் எஃப்.எச்.ஐ.ஆர். தரநிலையில் பிறந்த தேதிக்கான புலம் தேதியை மட்டுமே ஏற்கும். நேரத்துக்குத் தனி நீட்சி இருக்கிறது. வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்தும்படி வலியுறுத்துவோர்தாம் வேண்டும்.

இரண்டாவது: ‘தனியுரிமைக்காகப் பிறந்த தேதியை நீக்க வேண்டியுள்ளது.’ நீக்குங்கள். தேதியை நீக்கும் முன் வருகையன்று குழந்தைக்கு எத்தனை நாள், எத்தனை மணி என்று கணக்கிட்டு அதை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் பதிவுகளைக் கொண்ட மிமிக்-3 தரவுத்தளம் தேதிகளை எல்லாம் நகர்த்திவைத்தும் ஒரு நோயாளியின் தேதிகளுக்கிடையிலான இடைவெளியைக் காத்தது. அடையாளத்தை மறைப்பதும் வயதை அழிப்பதும் வெவ்வேறு செயல்கள்.

மூன்றாவது: ‘கவுண்டரில் கூட்டம், நேரமில்லை.’ எண்ணுக்குப் பக்கத்தில் மணி, நாள், வாரம், மாதம், ஆண்டு என்ற ஐந்தில் ஒன்றைத் தேர்வது ஒரு தட்டு. ஸ்கேன் படங்களுக்கான டைகாம் தரநிலை வயதை நான்கே எழுத்துகளில் எழுதுகிறது: மூன்று இலக்கம், ஓர் அலகு. அலகில்லாத வயதை அது வயதாகவே ஏற்பதில்லை. கதிரியக்கப் பிரிவில் இயல்வது பதிவுப் பிரிவில் ஏன் இயலாது?

எனவே கேட்பது நான்கே:

1. அலகில்லாமல் எந்த வயதும் சேமிக்கப்படலாகாது.
2. இறப்பு அறிக்கையின் விதியே உயிருள்ள குழந்தைக்கும் விதியாகட்டும்: ஒரு நாள் வரை மணி, ஒரு மாதம் வரை நாள், ஓராண்டு வரை மாதம், எல்லாம் நிறைவுற்ற கணக்கில். இரண்டு மாதம் வரை நாட்கணக்கும் உடனிருப்பது நல்லது.
3. பிறந்த நேரமும், பிறந்தபோது இருந்த கருவயதும் தனித்தனிப் புலங்களில் இருக்கட்டும். தெரியாதெனில் ‘தெரியாது’ என்று எழுத இடமிருக்கட்டும். உத்தேசமெனில் உத்தேசம் என்று குறிக்க வழியிருக்கட்டும்.
4. ஆய்வாளர்களாகிய நாம் ‘0–1 வயது’ என்று அட்டவணை போடும்போது, அவ்வயது எவ்வாறு எண்ணப்பட்டது என்று எழுதாமல் கட்டுரையை அனுப்பக் கூடாது.

இவற்றுள் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. மருத்துவமனை மென்பொருள் கொள்முதலில் பங்குள்ள எவரேனும் இதை வாசித்தால், அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் முதல் இரண்டையும் இரண்டு வரிகளாகச் சேருங்கள். விற்பனையாளர் முடியாது என்றால் இறப்பு அறிக்கைப் படிவத்தை எடுத்துக் காட்டுங்கள்.