தீராந்தியும் திண்ணையும்

எம்மிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே கட்டடக்கலை கற்றுத் தேறி, மேற்படிப்பின் பொருட்டு இப்பொழுது இத்தாலி தேசத்து வெனிஸ் நகரிலே தங்கியிருக்கிறார். பருத்தித்துறையில் எமது அயலிலே பிறந்து வளர்ந்த பிள்ளை. மாதம் ஒருமுறையேனும் எமக்குக் கடிதம் எழுதுவார். கடிதம் என்பது மின்னஞ்சலைத்தான். ஆயினும், 'மதிப்பிற்குரிய சேர் அவர்களுக்கு' என்று தொடங்கி, சுகம் விசாரித்து, அங்கே மழையா பனியா என்று கூறி, அதன் பின்னரே விஷயத்துக்கு வருகின்ற பழைய ஒழுங்கை அவர் கைவிடாதபடியால், நாமும் அதனைக் கடிதம் என்றே வழங்கி வருகிறோம்.

முதல் மூன்று மாதமும் கடிதத்திலும் பார்க்கப் படங்களே மிகுதியாக வந்தன. சனிக்கிழமை தோறும் விடியற்காலையிற் புகைவண்டி ஏறி, ஏதேனும் ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இரவு அறைக்குத் திரும்பிவிடுவாராம். ஒரு கிழமை பாதுவா, மறு கிழமை வெரோனா, அதற்கு அடுத்த கிழமை விச்சென்சா. எல்லாப் படங்களிலும் பின்னே ஒரு கோபுரம் அல்லது மாடம். முன்னே சிரித்த முகத்துடன் அவர். கணித ஆசிரியர்களுக்கே உரிய கெட்ட பழக்கம் எமக்கும் உண்டு. "தம்பி, உமது முதுகுக்குப் பின்னே நிற்கும் தூணின் சுற்றளவு எவ்வளவு? ஒரு தூணுக்கும் மறு தூணுக்கும் இடையே எத்தனை அடி?" என்று கேட்டு எழுதினோம். இரண்டு கிழமையாகப் பதில் இல்லை. பின்பு ஒரே வரி வந்தது: "சேர், அளவு நாடா ஒன்று வாங்கிவிட்டேன்."

அதன் பின்னர் வந்தவையே கடிதங்கள்.

விச்சென்சா வெனிஸிலிருந்து புகைவண்டியில் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட தூரம். கல்தச்சராகத் தொழில் தொடங்கி, பிற்காலத்தில் ஐரோப்பா முழுவதற்கும் கட்டடக்கலை ஆசானாக உயர்ந்த அந்திரேயா பல்லாடியோ வாழ்ந்து பணிசெய்த ஊர் அது. ஊரின் நடுவே பழைய நகர மண்டபம் ஒன்று உண்டு. அதனைச் சுற்றியிருந்த தாழ்வாரத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. நகரத்தார் பல கலைஞர்களிடம் யோசனை கேட்டு அலைந்து, ஈற்றிலே 1549ஆம் ஆண்டில் பல்லாடியோவிடம் திருத்த வேலையை ஒப்புவித்தனர். பழைய மண்டபத்தின் அளவுகளோ ஒழுங்கற்றவை. ஓரிடத்து அகலம் மற்றோரிடத்தில் இல்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே எவருக்கும் எளிய வழியாகத் தோன்றும். பல்லாடியோ இடிக்கவில்லை. ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் ஒரே அளவான வளைவை வைத்து, அவ்வளைவின் இருமருங்கும் உள்ள ஒடுங்கிய திறப்புகளை மட்டும் இடத்துக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் அமைத்தார். வளைவையே நோக்கும் கண் பக்கத்துத் திறப்பை எண்ணுவதில்லை. கீழே நிற்பவருக்கு யாவும் சமமாகவே தோன்றும்.

"முதன்முறை போனபோது எல்லாம் சமம் என்று எண்ணிப் படம் எடுத்தேன். நாடாவுடன் போனபோதுதான் சமம் இல்லை என்று கண்டேன்" என்று எமது மாணவர் எழுதியிருந்தார். அந்த இரண்டு வசனங்களுக்காக அவருக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தோம்.

இவ்வாறு நாடாவோடு விச்சென்சாவுக்குப் போனவர்களில் இவர் முதல்வரல்லர். 1613ஆம் ஆண்டிலே ஆங்கிலேயரான இனிகோ ஜோன்ஸ், பல்லாடியோ எழுதிய நூலைக் கையிற் பிடித்துக்கொண்டு அந்த ஊர்த் தெருக்களில் நடந்தார். நூலிலுள்ள படத்தையும் எதிரே நின்ற கட்டடத்தையும் ஒப்புநோக்கி, கண்ட வேறுபாடுகளை நூலின் ஓரங்களிலே குறித்து வைத்தார். அந்தப் பிரதி இன்றும் ஒக்ஸ்போர்ட் நகரிலே பாதுகாக்கப்பட்டு வருகிறது. அப்பொழுது அவருக்கு வயது நாற்பது என்பதை எமது வயதினரான வாசகர்களின் ஆறுதலுக்காகச் சொல்லி வைக்கிறோம்.

அடுத்த பெரிய கடிதம் பொலோனியா நகரைப் பற்றியது. அந்நகரத்துப் பல்கலைக்கழகம் 1088ஆம் ஆண்டிலே தோன்றியதென்பது மரபு. மாணவர் பெருகப் பெருக வீடுகளில் இடம் போதாமற் போயிற்று. வீட்டுக்காரர் மேல்மாடியைத் தெருப்பக்கமாக நீட்டி அறைகள் கட்டினர். நீட்டிய மாடி விழாமலிருக்கக் கீழே தூண் நிறுத்தினர். தூண்களுக்கும் சுவருக்கும் இடையே ஒரு நடைபாதை தானாகவே பிறந்தது. மற்றைய நகரங்களாயின் இவற்றை அத்துமீறல் என்று இடித்திருக்கும். பொலோனியா நகரத்தார் 1288ஆம் ஆண்டிலே நேர்மாறாகச் சட்டம் செய்தனர். இனிக் கட்டும் வீட்டுக்கெல்லாம் இத்தகைய தாழ்வாரம் வேண்டும். குதிரைமேல் இருப்பவரும் தலை இடியாமற் செல்லத்தக்க உயரம் வேண்டும். நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. இன்று அத்தாழ்வாரங்களை எல்லாம் சேர்த்து அளந்தால் ஏறக்குறைய 62 கிலோமீற்றர் வருமாம். மலைமேலுள்ள மாதா கோவிலுக்குச் செல்லும் வழியில் மாத்திரம் 666 வளைவுகள். 2021ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் இத்தாழ்வாரங்களை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

கொட்டும் மழையில் அன்று முழுவதும் குடையின்றி நகரைச் சுற்றியதாக எழுதிய மாணவர், கடிதத்தின் இறுதியில் எமக்கொரு பொறி வைத்திருந்தார். "சேர், இங்கே நடக்கும்போது எங்கள் தெருமூடி மடத்தை நினைத்தேன். அந்தத் திண்ணையின் உயரம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா?"

எமக்குத் தெரியவில்லை.

பருத்தித்துறையைக் காணாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். எமது ஊரிலே தும்பளைக்குச் செல்லும் வீதியிற் சிவன் கோயிலை அண்மித்து அந்த மடம் இருக்கிறது. தெருவின் இருபுறமும் திண்ணை, திண்ணைமேற் கற்றூண்கள், தெருவுக்கு மேலாகக் கூரை. தெருவே மடத்தினூடாகச் செல்கிறது. மற்றைய மடங்களுக்கு வழிப்போக்கன் தெருவை விட்டு விலகிச் செல்ல வேண்டும். இந்த மடமோ தெருவிலேயே அவனை எதிர்கொண்டு நிற்கிறது. வண்டிற் பாதையும் தலைச்சுமையுமாக இருந்த காலத்திலே எமது முன்னோர் சுமைதாங்கி வைத்தார்கள். கால்நடை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் நட்டார்கள். அவை நீர் அருந்தக் கேணி வெட்டினார்கள். அந்த வரிசையில் வந்ததே தெருமூடி மடம். இவ்வளவையும் வகுப்பிலே விரித்துரைக்க எமக்குத் தெரியும். திண்ணையின் உயரந்தான் தெரியாது. எத்தனை ஆயிரம் முறை அதனூடாகச் சைக்கிளிற் போயிருப்போமோ!

ஆதலால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்புறம், வாகன நெருக்கம் தொடங்குமுன், எமது மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு நாடாவும் கொப்பியுமாக அங்கே போனோம். திண்ணை உயரம், தூணின் பக்கம், தூண்களின் இடைவெளி என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருக்கையில், கோயிலுக்குப் பூக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் எம்மையே பார்த்து நின்றார். "என்ன மாஸ்டர், றோட்டு அகலிக்கப் போறாங்களோ? மடத்தை உடைக்கப் போறாங்களோ?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்தது ஆவலா அச்சமா என்று எம்மால் அறியக் கூடவில்லை. இல்லை, அளந்து மட்டும் பார்க்கிறோம் என்றோம். "உடைக்கிறதெண்டால்தானே அளப்பினம்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

அந்தச் சொல் எம்மைத் தைத்தது. காரணத்தையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம்.

எமது ஆச்சி காலத்து நாற்சார் வீடு ஒன்று கடற்கரைப் பக்கமாக உண்டு. நடுவே முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், வாயிலிலே சங்கடப்படலை. பொலோனியாச் செய்தியைப் படித்தபோது முதலில் எமது நினைவுக்கு வந்தது உண்மையில் அந்தச் சங்கடப்படலைதான். வேலியோடு சேர்ந்து சிறு கூரை; கூரையின் கீழ் இரு சிறு திண்ணை; வெய்யிற் காலத்தில் வழிப்போக்கருக்காக ஒரு மண்பானையில் நீர். நிலம் எங்களுடையது, நிழல் ஊராருடையது. அந்தக் கூரை விழுந்து பல ஆண்டுகளாயின. வீட்டில் இப்பொழுது எவரும் இல்லை. தமையனார் கனடாவில், தங்கை இலண்டனில். இடித்துவிட்டு மாடி வீடு ஒன்று எழுப்பலாம் என்று தமையனார் சொல்ல, நாமும் அரைமனத்தோடு இசைந்து, மேசனை அழைத்துக் கணக்கும் கேட்டிருந்தோம். எம்மை அளக்கச் சொன்னால் அது உடைப்பதற்காகவே இருந்திருக்கும்.

அரைமனம் என்பதற்குக் காரணம் எமது சொந்தத் தவறு. பத்து ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டைப் பாதுகாக்கிறோம் என்று எண்ணி, முருகைக்கற் சுவர்களுக்குச் சீமெந்து பூசுவித்தோம். பழைய சுண்ணாம்புச் சாந்து நீரை உள்ளே எடுத்து மீண்டும் வெளியே விடும். சீமெந்து அவ்வாறு விடாது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் பூச்சின் பின்னே சிறைப்பட்டன. உப்பு பளிங்காகித் தடிக்க, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. கழன்றபோது கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. ஆச்சியின் சுண்ணாம்பு நூறு ஆண்டு நின்றது. எமது சீமெந்துக்குப் பத்தாண்டே ஆயுள்.

இதனை மாணவருக்கு எழுதினோம். அவருடைய மறுமொழி வெரோனாவிலிருந்து வந்தது. அங்கே பதினான்காம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றைக் கார்லோ ஸ்கார்ப்பா என்பவர் 1964 வரை பல ஆண்டுகள் உழைத்து அரும்பொருட்காட்சிச் சாலையாகத் திருத்தினார். கட்டடக்கலைஞர் என்னும் அநுமதிப் பத்திரம் பெறாமலே வெனிஸிலே பல தலைமுறை மாணவருக்கு ஆசிரியராக விளங்கிய விசித்திர மனிதர் அவர். கோட்டையிலே அவர் இட்ட புதிய தரை, பழைய சுவரைத் தொடாது, இடையே ஒரு சிறு இடைவெளி விட்டு நின்றுவிடுகிறது. எது பழையது, எது புதியது என்று எவரும் மயங்க வேண்டியதில்லை. "புதியதைப் பழையதுபோல நடிக்க விடவும் இல்லை, பழையதை மூடவும் இல்லை, சேர். நீங்கள் மூடிவிட்டீர்கள்" என்று எழுதியிருந்தார். ஆசிரியரைக் கண்டிக்கும் உரிமையை அவருக்கு எப்பொழுது கொடுத்தோம் என்று தெரியவில்லை. ஆயினும் கண்டிப்பு நியாயமானதே.

அதே கடிதத்திலே சொல் ஒன்றையும் கண்டுபிடித்து அனுப்பியிருந்தார். தாழ்வாரத்து வளைவுகள் விரிந்துவிடாமற் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பியைச் சுட்டி, விரிவுரையாளர் 'திராந்தே' என்றாராம். வகுப்பில் இவர் ஒருவரே சிரித்தாராம். தமிழ்நாட்டார் உத்திரம் என்பதை நாம் தீராந்தி என்கிறோமன்றோ? போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச் சென்ற சொற்களில் ஒன்று அது. விறாந்தை, யன்னல் என்பனவும் அவ்வாறு வந்தவையே. இத்தாலியருக்கும் போர்த்துக்கேயருக்கும் மூலம் ஒன்றான சொல், பருத்தித்துறை ஆச்சி வீட்டுக் கூரையின் கீழே பனைமரமாகக் கிடக்கிறது.

இத்தாலியும் எமது தீவும் வேறொரு வகையிலும் தொடர்புடையன. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா சட்டம் படித்தவர். இத்தாலியிலே கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகை வாங்கி அங்கேயே தங்கிவிட எண்ணினார்; அது கைகூடவில்லை. 1948இல் இங்கே திரும்பி, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கை என்னும் பழைய றப்பர்த் தோட்டத்தை வாங்கி, இத்தாலியத் தோட்டம் போன்ற ஒன்றை எமது மண்ணிலே ஆக்க முயன்றார். அந்த ஆசையே அவரை மீண்டும் மாணவராக்கியது. முப்பத்தெட்டாவது வயதில், 1957இல், இலண்டனிலே பயின்று தேறினார். கொழும்பிலே 1962இல் முடிவுற்ற ஏனா டி சில்வா இல்லத்தை நடு முற்றமும் தாழ்வாரமுமாக அவர் அமைத்தார். நாம் பழசு என்று தள்ளியது கொழும்பிலே புதுமையாயிற்று! அந்த நிலம் பின்னர் வேறு தேவைக்கு விற்கப்பட்டபோது, வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி, இலக்கமிட்டு, லுணுகங்கைக்குக் கொண்டுசென்று மீளக் கட்டினர். ஒவ்வொரு கல்லையும் தூணையும் முன்னதாகவே அளந்து வரைந்தமையாலன்றோ அது இயன்றது.

இவற்றையெல்லாம் தமையனாருக்குத் தொலைபேசியிற் சொன்னோம். நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்பு, "சங்கடப்படலைத் திண்ணையிலை இருந்துதானே ஆச்சி எனக்கு எண்ணப் பழக்கினவ" என்றார். இடிப்பதா இல்லையா என்பதற்கு அது விடையன்று. தங்கைக்கும் பங்கு உண்டு; பணத்துக்கும் தேவை உண்டு. ஆயினும், தை பிறக்கும் வரை சுவரில் கைவைக்க வேண்டாம் என்று மேசனிடம் சொல்லிவிட்டோம். தெருமூடி மடத்தை அளந்த மாணவர் இருவரும் அந்த அளவுகளைக் கொண்டு படம் வரையத் தொடங்கியிருக்கிறார்கள். திண்ணை உயரத்தை வெனிஸுக்கு அனுப்பினோம். தூணின் உச்சியை ஏன் அளக்கவில்லை என்று உடனே கேள்வி வந்தது.

மார்கழி விடுமுறைக்கு அவர் ஊருக்கு வருகிறார். முதல் நாள் மடத்தையும் மறுநாள் எமது ஆச்சி வீட்டையும் அளப்பதாகத் திட்டம். முப்பது மீற்றர் நாடா ஒன்று தாமே கொண்டு வருவதாகவும், ஏணி மாத்திரம் நாம் ஒழுங்கு செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். ஏணிக்கு அயல்வீட்டிலே சொல்லி வைத்தாயிற்று.