மச்சக்காரரா நீங்கள்?

ஆபீஸில் எவனுக்காவது புரமோஷன் வந்தால், ‘அவனுக்கு உடம்பெல்லாம் மச்சம்ப்பா!’ என்று பெருமூச்சு விடுவோம். டாக்டர்கள் பார்க்கும் மச்ச சாஸ்திரம் வேறு. இரண்டு பாதியும் ஒரே மாதிரி இல்லையா? ஓரம் கோணல்மாணலா? ஒரே மச்சத்தில் பல நிறமா? அகலம் 6 மில்லிமீட்டருக்கு மேலா? சமீபத்தில் மாறியிருக்கிறதா? இதில் எதற்காவது ‘ஆமாம்’ என்றால் காட்டிவிட வேண்டும்.

‘நாமதான் கறுப்பாச்சே, தோல் கேன்சர் வெள்ளைக்காரன் சமாச்சாரம்’ என்பீர்கள். நமக்கு அபூர்வம்தான். ஆனால், வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத இடமாகப் பார்த்து வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்.

ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு வந்தது கால்விரல் நகத்தடியில். ஃபுட்பால் ஆடினபோது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1977-ல் ‘மெலனோமா’ என்று தெரிந்தது. விரலை எடுத்துவிடச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். 1981-ல் இறந்தபோது வயசு 36.

பயப்படாதீர்கள், அநேகமாக எல்லா மச்சங்களுமே பரம சாது. இன்று ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போது உள்ளங்காலை ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்கள். புதுசாக, வளர்கிற மாதிரி கறுப்பாக ஏதாவது தெரிந்தால் தோல் டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் சின்ன ஆபரேஷனோடு போய்விடும். ஜோசியரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.